திருகோணமலைக்கு ஒரு நால்வர் குழு

திருகோணமலையில் சங்கீதம் படிக்கிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை அழகியற் பாடம் கட்டாயம் என்பதால் சித்திரம், நடனம், நாடகம், சங்கீதம் என்று ஏதாவது ஒன்றை எல்லாப் பிள்ளைகளும் தொட்டுவிட்டே வருகிறார்கள். சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதத்தைத் தெரிவுப் பாடமாக எடுக்கலாம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்டுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். நவராத்திரி வந்தால் பாடசாலை மண்டபங்களில் வயலின் பெட்டிகள் திறக்கின்றன. இதெல்லாம் பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கடைசிப் பரீட்சையும் முடிந்து, சான்றிதழும் சட்டத்துக்குள் ஏறிச் சுவருக்குப் போன பிறகு, அந்தப் பிள்ளை யாரோடு சேர்ந்து வாசிக்கும்? எங்கே வாசிக்கும்? இதற்கு ஒழுங்கான பதில் இல்லாததால்தான் நன்றாகப் பழகிய கைகள் உயர்தரப் படிப்பு தொடங்கியதும் வில்லைக் கீழே வைத்துவிடுகின்றன. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். தந்தி வாத்தியம் வாசிக்கிற நான்கு இளைஞர்கள் இந்த ஊரிலேயே குடியிருந்து, சேர்ந்து வாசித்து, சேர்ந்து படிப்பிக்க வேண்டும். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. மேற்கில் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்று சொல்கிற அதே அமைப்பு. கேட்டவுடன் ஆடம்பர ஆசையாகத் தோன்றலாம். அப்படியில்லை என்று நினைக்க எனக்குக் காரணங்கள் இருக்கின்றன. எதிர்த்துச் சொல்லக்கூடியவையும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே பேசுகிறேன்.

இது நடக்கக்கூடிய காரியம் என்பதற்குத் தெளிவான சாட்சி அமெரிக்காவில், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு துறைமுக ஊர்தான். 1997இல் செபாஸ்டியன் ரூத் என்ற இளைஞர், பிரவுண் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்த கையோடு, கம்யூனிட்டி மியூசிக்வர்க்ஸ் என்ற அமைப்பை அங்கே தொடங்கினார். வசதி குறைந்த குடும்பங்கள் வாழும் ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்து, அங்கேயே ஒரு நால்வர் குழுவை நிலைநிறுத்தி, அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் வாத்தியமும் கொடுத்துப் படிப்பித்தார்கள். குழு ஒத்திகை பார்த்த இடம் கடைத்தெருவில் ஒரு கடையறை. வீதியால் போகிறவர்கள் கண்ணாடி வழியாக நின்று பார்க்கலாம். மேடையில் முடிந்த பொருளாக மட்டும் தெரிகிற இசையை, தப்புவதும் திருத்துவதும் திரும்பத் தொடங்குவதுமாக அந்தப் பிள்ளைகள் நாளாந்தம் கண்டார்கள். 2010இல் ரூத்துக்கு மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அமைப்பின் எளிய விதி: வாசிப்பதும் படிப்பிப்பதும் ஒரே வேலை, ஒரே சம்பளம். கச்சேரிக் கலைஞர் உயர்ந்தவர், சங்கீத ரீச்சர் அடுத்த படி என்ற பிரிவினைக்கு அங்கே இடமில்லை. நம் ஊரில் அந்தப் பிரிவினை ஆழமாக இருக்கிறது. படிப்பிக்கத் தொடங்கியதும் வாசிப்பதை விட்டுவிட்ட சங்கீத ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் மனம் விரும்பி விட்டதில்லை. சேர்ந்து வாசிக்க ஆளும் இடமும் நேரமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வாசிப்பையும் படிப்பிப்பையும் ஒன்றாக வைத்திருந்த நால்வர் நம்மிடமே இருந்திருக்கிறார்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரைச் சொல்கிறேன். முத்துசுவாமி தீட்சிதரிடம் கற்ற இந்தச் சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையிலும் பின்னர் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் அவையிலும் இருந்தார்கள். கீர்த்தனைகளும் வர்ணங்களும் இயற்றினார்கள், பாடினார்கள், நட்டுவாங்கம் செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. அடவுகளை ஒழுங்குபடுத்தி, அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற மார்க்கத்தை வகுத்துக் கொடுத்தார்கள். இன்று திருகோணமலையில் ஒரு சிறுமி தட்டடவில் காலை வைத்து நடனம் தொடங்கினால், அந்தப் பாடத்திட்டத்தின் வேர் அந்த நால்வரிடம் போய்ச் சேர்கிறது. நால்வரில் இளையவரான வடிவேலு வயலின் வாசித்தவர். சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்த தந்தத்தாலான வயலின் பற்றிய செய்தி இசை வரலாற்றில் எல்லாரும் அறிந்தது. நான்கு பேர் ஒரு வீட்டுக்குள் இருந்து ஆக்கியதும் ஆடவைத்ததும் கற்பித்ததும் இருநூறு ஆண்டு தாண்டி நிற்கிறதென்றால், காரணம் அவர்களின் திறமை மட்டுமல்ல. தாங்கள் செய்வதைப் பிறர் செய்யும்படி பகுத்துக் கொடுத்ததும்தான். அந்தக் காலத்து அரசவை ஆதரவு இன்று இல்லை. அந்த வேலை முறை மட்டும் இன்றும் பொருந்தும்.

முதல் மறுப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான். வயோலா, செல்லோ எல்லாம் வெள்ளைக்காரன் வாத்தியம், நமக்கு எதற்கு? இந்தக் கேள்வியை வயலினிடமும் ஒருநாள் கேட்டிருப்பார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். கோட்டையும் படையும் பாண்டு வாத்தியமும் இருந்த துறைமுகப் பட்டினத்தில்தான் அது நடந்தது. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? திருகோணமலையும் அதே மாதிரியான ஊர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், 1795 முதல் பிரித்தானியர் என்று எல்லாரும் வந்து போன இடம். பிரித்தானியக் கடற்படை 1957வரை இங்கே தளம் வைத்திருந்தது. இந்த மாவட்டத்தின் பறங்கியர் குடும்பங்கள் கலியாண வீடுகளில் ஆடுகிற கஃப்ரிஞ்ஞாவுக்கு வயலின்தான் முன்னால் நிற்கிற வாத்தியம். சிங்கள இசையில் பெரும்பெயரான அமரதேவ வயலின் கலைஞராகத் தொடங்கியவர். வட இந்தியா போய் லக்னோவில் கற்றவர். கோயில் மண்டபம், பறங்கியர் வீட்டுக் கலியாணம், சிங்களப் பாடலரங்கு மூன்றிலும் ஒரே வாத்தியம் மூன்று விதமாகப் பேசுகிற மாவட்டம் இது. இங்கே வயலினை அந்நியம் என்று சொல்ல வரலாறு இடம் கொடுக்காது. வயோலாவும் செல்லோவும் அதே குடும்பத்தின் பெரிய உடன்பிறப்புகள்.

இரண்டாவது மறுப்பு கனமானது. அதை எழுப்புகிறவர்கள் சங்கீதம் தெரிந்தவர்கள். ராகம் ஒற்றைக் கோடாக வளர்கிற இசை. அதன் உயிர் கமகத்தில் இருக்கிறது. நான்கு வாத்தியங்கள் நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் வாசித்தால் ராகம் உடையாதா? உடையும், யோசிக்காமல் செய்தால். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அதன் கீழே அசையாத ஒரு சுரக்கூட்டை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். ஆனால் இந்தச் சிக்கலை எடுத்து முப்பது வருடத்துக்கு முன்பே வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான ‘ஹவ் டு நேம் இட்’டில் தனி வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன், 1993இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைத் தொடங்கினார். கர்நாடகக் கீர்த்தனைகளை எடுத்து, ராக பாவம் முதல் வயலினில் குறையாமல் நிற்க, மற்ற மூன்று வாத்தியங்களும் அந்த ராகத்துச் சுரங்களைக் கொண்டே சுற்றிலும் ஒத்திசை கட்டுகிற முறையை அவர்கள் வளர்த்தார்கள். எல்லா ராகத்துக்கும் ஒரே மாதிரி இது ஒத்துவராது. எது ஒத்துவரும், எது வராது என்று கேட்டுப் பழகுவதே ஒரு பெரிய சங்கீதப் படிப்பு.

நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துப் பார்ப்போம். சம்பந்தர் பாடிய கோணமலைப் பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. இன்றைய வழக்கில் அதைப் பூபாள ராகத்தில் பாடுகிறார்கள். பூபாளத்துக்கு ஐந்தே சுரம்: சட்ஜம், சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், சுத்த தைவதம். இந்த ஐந்துக்குள்ளேயே இரண்டு நல்ல சுரக்கூட்டுகள் கிடக்கின்றன. சட்ஜம், காந்தாரம், பஞ்சமத்தைச் சேர்த்தால் மேற்கத்தியர் மைனர் என்கிற கூட்டு வரும். தைவதம், சட்ஜம், காந்தாரத்தைச் சேர்த்தால் மேஜர் வரும். வெளியிலிருந்து ஒரு சுரத்தைக் கூடக் கடன் வாங்க வேண்டியதில்லை. இனிச் செல்லோவைப் பாருங்கள். அதன் நான்கு தந்திகளில் தடித்த இரண்டும், வயோலாவின் தடித்த இரண்டைப் போலவே, மேற்கத்திய சியும் ஜியும். ஒரு கட்டைச் சுருதி வைத்துக்கொண்டால் அவையே சட்ஜமும் பஞ்சமமும் ஆகிவிடும். விரல் வைக்கவே வேண்டாம்; வில்லை இழுத்தால் போதும். அதாவது செல்லோவை முதன்முதலாகக் கையில் வாங்கிய பிள்ளை, வில்லை நேராக இழுக்கப் பழகிய அன்றே, மூத்த கலைஞர் மூவர் பதிகத்தை வாசிக்கும்போது அடியில் சுருதியைத் தாங்கி நிற்கலாம். சரளி வரிசை முடித்து, ஜண்டை முடித்து, கீதம் முடித்து, வர்ணம் முடித்துத்தான் மேடை என்று வருடக்கணக்கில் காத்திருக்கிற நம் பயிற்சி முறையில் இல்லாத வாசல் இது. அந்தப் படிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவை இல்லாமல் கை வராது. ஆனால் படியேறுகிற காலம் முழுக்கத் தனியே ஏறவேண்டியதில்லை என்பதே என் வாதம்.

நால்வர் குழு ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதில் மிக அருமையான பாடமும் இதுதான். அங்கே தாளம் போட்டு நடத்துகிறவர் கிடையாது. முதல் வயலின்காரர் வில்லைத் தூக்குமுன் எடுக்கிற மூச்சைப் பார்த்து மற்ற மூவரும் சேர்ந்து விழ வேண்டும். இரண்டாம் வயலினுக்கும் வயோலாவுக்கும் பெரும்பாலும் மெட்டு வராது. ஆனால் அவர்கள் கொஞ்சம் உரக்க வாசித்தால் மெட்டு மூழ்கும், கொஞ்சம் தயங்கினால் எல்லாம் வெறுமையாகும். எப்போது விட்டுக்கொடுப்பது, எப்போது எடுத்துக்கொள்வது என்று காதால் முடிவெடுக்க வேண்டும். நம் கச்சேரியில் பக்கவாத்தியக்காரருக்கு இந்த நுட்பம் உண்டு. ஆனால் அது மேடைக்கு வந்தவர்களுக்கே வாய்க்கிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு வருவதில்லை. பரீட்சை அறையில் பிள்ளை தனியாகப் போகும், தனியாக வாசிக்கும், தனியாகப் புள்ளி வாங்கும். பரீட்சை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் யுத்த காலம் முழுக்கச் சங்கீதப் படிப்பு அறுந்து போகாமல் இருந்ததில் அந்தப் பரீட்சைகளுக்குப் பங்குண்டு. பரீட்சை அளக்கிறது தனியாள் திறமையை. சேர்ந்து வாசிக்கிற திறமைக்கு வேறு ஏற்பாடு தேவை.

விழாக்கள் அந்த ஏற்பாடாகுமா? 2011இல் நோர்வே உதவியோடு நடந்த யாழ்ப்பாண இசை விழா போன்றவை நல்ல காரியம் செய்தன. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கலைஞர்கள் ஒரே மேடையில் நின்றார்கள். ஒருவர் கலையை இன்னொருவர் முதல்முறை கேட்டார்கள். ஆனால் விழா முடிந்த அடுத்த கிழமை, பந்தல் கழற்றிய பிறகு, அந்த ஊர்ப் பிள்ளைக்கு என்ன மிஞ்சுகிறது? ஒரு நல்ல நினைவு மிஞ்சும். வில் பிடிக்கிற கையைத் திருத்த ஆள் மிஞ்சாது. வந்து போகிறவர்களால் ஓர் ஊரில் கேட்கிற ஆசையை உண்டாக்க முடியும். வாசிக்கிற பழக்கத்தை உண்டாக்கத் தங்கியிருப்பவர்கள்தான் வேண்டும். இந்த ஊருக்கு அதற்கும் முன்னுதாரணம் உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1920களில் இராமகிருஷ்ண மிஷன் சார்பில் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தினார். அங்கே அதிபராகவும் இருந்தார். பழந்தமிழர் யாழ்களின் அமைப்பையும் சுரக்கணக்கையும் இலக்கியத்திலிருந்து மீட்டெடுத்து அவர் எழுதிய யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். பாடசாலை நடத்துவதும் தந்தி வாத்திய ஆராய்ச்சியும் ஒரே மனிதரிடம் ஒன்றாக இருந்தன. அவர் பெயரில் மட்டக்களப்பு கல்லடியில் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கம். அங்கிருந்து வெளியே வருகிற இளைஞர்கள் பாடசாலை நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள். நான் கேட்கிற நால்வரில் இருவரையாவது அங்கிருந்தே எடுக்கலாம்.

மூன்றாவது மறுப்பை எழுப்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. சுனாமி, யுத்தம், 2022இன் பொருளாதார நெருக்கடி எல்லாம் கடந்து வந்த குடும்பங்களுக்கு முதலில் சோறு வேண்டாமா, செல்லோவா வேண்டும் என்கிறார்கள். சோறு முதலில்தான். ஆனால் சோறு ஒன்றுக்கும் மற்றவற்றுக்கும் இடையே வரிசை போட்டு, இசையை எப்போதும் கடைசியில் நிறுத்துவது ஏழைப் பிள்ளைக்கு மட்டும் நாம் போடுகிற சட்டம். வசதியுள்ள வீட்டில் அப்படி யாரும் காத்திருப்பதில்லை. மேற்கு வங்கத்தின் காலிம்போங்கில் எட்வர்ட் மக்குவையர் என்ற கனடிய யேசுசபைப் பாதிரியார் 1990களில் தொடங்கிய காந்தி ஆசிரமப் பாடசாலை, கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டையும் வயலினையும் ஒரே கூரையின் கீழ் கொடுத்தது. சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் கேஎம் இசைக் கல்லூரி, வசதியற்ற பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்துச் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கியது. இரண்டும் நம் பக்கத்து நாட்டில், நம்மைப் போன்ற வெயிலிலும் வறுமையிலும் நடப்பவை.

அதேவேளை, இசை வறுமையை ஒழிக்கும், பிள்ளையைத் திருத்தும் என்று அளவுக்கு மீறி வாக்குக் கொடுக்கவும் கூடாது. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்தேமா, பல லட்சம் பிள்ளைகளைத் தொட்ட திட்டம். உலகமே அதைப் பார்த்துப் பிரதி எடுத்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 16 நிலையங்களில் ஏறத்தாழ மூவாயிரம் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தது. தன்னடக்கத்தில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. ஆய்ந்த மற்றப் பலவற்றில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. இன்னொன்றும் தெரியவந்தது. அந்த மாநிலங்களில் வறுமை விகிதம் 46.5 வீதமாக இருக்க, திட்டத்துக்கு விண்ணப்பித்த பிள்ளைகளிடையே அது 16.7 வீதம்தான். ஏழைகளுக்கென்று சொன்ன திட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஏழைகள் அல்லர். இதிலிருந்து நான் எடுப்பது இரண்டு பாடம். இசையை இசைக்காகவே படிப்பிக்க வேண்டும். அதை மருந்துச் சீட்டாக எழுதக்கூடாது. அடுத்தது, வகுப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்பதே யார் வருவார்கள் என்பதைத் தீர்மானிக்கும். உவர்மலையில் ஒரு நல்ல மண்டபம் எடுத்து, வருகிறவர் வரட்டும் என்று கதவைத் திறந்தால், மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடப் பெற்றார் இருக்கிற பிள்ளைகள்தான் வரும். திருக்கடலூரில் கடற்றொழிலாளர் பிள்ளை பாடசாலை விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் வகுப்பு இருக்க வேண்டும். நால்வர் குழுவுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. மேடை, ஒலிபெருக்கி, மின்சாரம் ஒன்றும் தேவையில்லை. நான்கு கதிரை போட இடமிருந்தால் வாசகசாலை விறாந்தையிலும் வாசிக்கலாம்.

இடம் என்று பேசும்போது மாவட்டத்தின் அமைப்பையும் பேசாமல் விட முடியாது. திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவரும் வாழ்கிறார்கள்; 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஒருவருக்கும் பாதிக்கு மேல் பங்கில்லை. பாடசாலைகளோ மொழியாலும் சமயத்தாலும் பிரிந்தவை. பாடத்திட்டத்திலேயே கர்நாடக சங்கீதம், கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம் என்று மூன்று தனிப் பாதைகள். அநேகமாகத் தமிழ்ப் பிள்ளை ஒன்றுக்குப் போகும், சிங்களப் பிள்ளை இன்னொன்றுக்கு. இசை இனங்களை ஒன்றாக்கிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. எத்தனையோ மேடைகளில் அதைச் சொல்லிக் கேட்டாயிற்று. நான் சொல்வது சின்ன விசயம். கந்தளாயிலிருந்து வரும் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே நால்வரில் இருந்தால், அடுத்த கிழமை வாசிக்க வேண்டியதை இருவரும் சேர்ந்து பழகித்தான் ஆக வேண்டும். சேர்ந்து இருக்க ஒரு வேலை கிடைக்கிறது, அவ்வளவுதான். இசை குறித்து முஸ்லிம் குடும்பங்களுக்குள் வெவ்வேறு நிலைப்பாடுகள் இருக்கின்றன. வாத்தியம் வேண்டாம் என்கிற பெற்றாரை இணங்கவைப்பது குழுவின் வேலையல்ல. விரும்புகிற பிள்ளைக்குத் தூரம் தடையாகாமல் பார்ப்பதே வேலை. கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் திறக்குமுன் படகுப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. இன்று அந்தச் சாட்டும் இல்லை. பதிகம் வாசிக்கிற குழு கஃப்ரிஞ்ஞாவையும் சிங்கள நாட்டார் மெட்டையும் அதே கவனத்தோடு வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தால்தான் இது மாவட்டத்தின் குழு.

இனி நடைமுறை. கடலோர ஊரில் மர வாத்தியம் வைத்திருப்பது கடினம் என்பது உண்மை. வாடைக்காற்றுக் காலத்து ஈரத்தில் மரம் ஊதும், முருக்காணி இறுகும். கச்சான் அடிக்கிற வறண்ட மாதங்களில் மரம் சுருங்கி முருக்காணி வழுக்கும், பசை விட்டு ஓரம் பிளக்கும். உப்புக் காற்றில் உலோகத் தந்தி கெதியாகத் துருப்பிடிக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கொழும்புக்கு அனுப்பினால் பாதி வாத்தியங்கள் எப்போதும் பேருந்தில்தான் இருக்கும். ஆகவே இந்தத் திட்டத்தில் ஐந்தாவது ஆளாக உள்ளூர்த் தச்சர் ஒருவரைச் சேர்த்து, ஓரம் ஒட்டவும் முருக்காணி சீவவும் குதிரை பொருத்தவும் முறையாகப் பயிற்சி கொடுக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கால், அரை, முக்கால் அளவு வயலின்கள் வேண்டும். சின்ன வயலினில் வயோலாத் தந்தி கட்டிச் சிறுவர் வயோலாவாகப் பாவிப்பது உலகெங்கும் இருக்கிற வழக்கம், அதனால் செலவு குறையும். ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதி வாத்தியத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. எனவே பிள்ளை வாங்கக்கூடாது, குழு இரவல் கொடுக்க வேண்டும். உட்காரும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தரையில் சம்மணம் கட்டி, வயலின் தலையை வலது கணுக்காலில் நிறுத்தி வாசிக்கிற நம் முறையில் இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்குகிற சுமை இல்லை. அதனால்தான் கை தாராளமாக வழுக்கிக் கமகம் பிடிக்கிறது. கதிரையில் இருந்து நாடியில் இடுக்குகிற மேற்கத்திய முறைக்கு வேறு வசதிகள் உண்டு. கர்நாடக வயலின் பழகிய பிள்ளையைக் கதிரைக்கு மாற்றவேண்டிய அவசியமில்லை. செல்லோவுக்குக் கதிரை, வயலினுக்கு மேடைப்பலகை என்று ஒரே உயரத்தில் உட்காரவைத்தால் கண் கண்ணைப் பார்க்கும், அதுதான் தேவை.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு வருவோம். நான்கு பேருக்குச் சம்பளம், ஒரு வீட்டு வாடகை, இரவல் வாத்தியங்கள், தச்சருக்குக் கூலி. ஒரு பாடசாலைக்குப் புது மண்டபம் கட்டுவதோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையாகாது. நம் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளைகள் இருக்கின்றன. அவர்கள் கட்டடம் கட்டித் தருகிறார்கள், கணினி அறை தருகிறார்கள், அது நல்லதுதான். பெயர்ப்பலகை வைக்கக்கூடிய பொருளுக்குக் காசு சேர்வது இலேசு. மனிதருக்கு மாதச் சம்பளம் கொடுக்கக் காசு சேர்வது கடினம். கலை மனிதரில்தான் இருக்கிறது என்பதால் இந்தப் பழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். மாகாணத் தலைநகர் இதுவே என்பதால் மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் கல்வி வலயமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இடமும் பாடசாலை நேரமும் அவர்கள் தரலாம். ஒரு நிபந்தனை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: ஐந்து வருடத்துக்குக் குறைந்த திட்டம் வேண்டாம். ஒரு பிள்ளை வில் பிடிக்கத் தொடங்கி, நால்வரில் ஒருவராக உட்காருகிற அளவுக்கு வர அவ்வளவு காலமாவது எடுக்கும். இரண்டு வருடத்தில் அறிக்கை எழுதி, படம் எடுத்து, மூடிவிட்டுப் போகிற திட்டங்களை இந்த மாவட்டம் சுனாமிக்குப் பிறகு நிறையவே பார்த்துவிட்டது. நிலாவெளி விடுதிகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாசித்துச் செலவை ஈடுகட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மாதம் ஒருமுறை செய்யலாம். அதுவே பிழைப்பானால் வகுப்புகள் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வெளிநாட்டில் இருக்கிற திருகோணமலை வாசகர்களே, பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு மண்டபமும் பக்கவாத்தியமும் பார்க்கிறபோது, அந்தச் செலவில் ஒரு பங்கை ஊரில் வாசிக்கிற ஓர் இளைஞரின் சம்பளமாக எடுத்து வையுங்கள். ஊரில் இருக்கிற சங்கீத ஆசிரியர்களே, உங்கள் பாடசாலையில் வயலின் வாசிக்கிற மூத்த மாணவர் நால்வரை ஒரு பின்னேரம் வட்டமாக உட்காரவைத்து, ஒரு கட்டைச் சுருதியில் கோணமலைப் பதிகத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் அதன் ஐந்து சுரங்களுக்குள் நின்று தாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வயோலாவும் செல்லோவும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு வயலினோடும் தொடங்கலாம்.